'மயக்கம்' என்னும் சொல்லும் மயக்கவியலின் அடிப்படைகளும்: சென்னை மருத்துவப் பயிற்சிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மருத்துவக் கல்லூரிகளில் மயக்கவியலும் தீவிர சிகிச்சையும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் நோயாளியிடம் வினவுவதும், ஒப்புதல் பெறுவதும், குடும்பத்தாருக்கு நிலைமையை விளக்குவதும் பெரும்பாலும் தமிழில் நிகழ்கின்றன. இந்த இடைவெளியில் 'மயக்கம்' என்னும் ஒரே சொல், தலைசுற்றல், நினைவு தப்புதல், மருந்தால் வரும் உணர்விழப்பு, உடற்பகுதி மரத்துப்போதல், நெடிய நினைவின்மை எனத் தம்முள் வேறுபட்ட பல நிலைகளைச் சுட்டி நிற்கிறது. அத்துறையின் முதன்மையான கோட்பாடுகளை விளக்கி, அவற்றைத் தமிழில் பிரித்துச் சொல்வது மொழித்தூய்மை சார்ந்தது மட்டுமன்று, நோயாளியின் பாதுகாப்புச் சார்ந்ததும் ஆகும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மயக்கவியல், தீவிர சிகிச்சை, கலைச்சொல், ஒப்புதல், மூளைச்சாவு, மருத்துவத் தமிழ்.

முன்னுரை

தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மாணவர்களுக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' உள்ளிட்ட நூல்களைத் தமிழில் கொணர்ந்தார். 1835இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியின் பயிற்றுமொழியோ ஆங்கிலமாகவே நிலைபெற்றது.

பயிற்றுமொழி எதுவாயினும் பயிற்சிமொழி தமிழே. இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும், 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலும், தரமணியிலுள்ள வி.எச்.எஸ். மருத்துவமனையிலும், தியாகராய நகரை அடுத்த மேற்கு மாம்பலத்தின் பொது சுகாதார மையத்திலும் அறுவைக்கு முன் நோயாளியைக் காணும் மருத்துவர், தாம் ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் கேட்டும் சொல்லியுமே ஆகவேண்டும். பிற துறைகளில் ஒரு சொல் பிழையானால் அதைத் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. மயக்கவியலில், மருந்து உட்சென்ற பின் நோயாளியால் பேச இயலாது. அதற்கு முந்தைய சில நிமிட உரையாடலே அவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் கடைசி வாய்ப்பாகும். எனவே அவ்வுரையாடலில் வழங்கும் சொற்களை ஆராய்தல் இன்றியமையாதது.

1. சொல்லின் பொருட்பரப்பு

தமிழ் இலக்கண மரபில் மயக்கம் என்பதற்குக் 'கலத்தல்' என்பது அடிப்படைப் பொருள். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் ஆகிய தொடர்களும், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் 'வேற்றுமை மயங்கியல்' என்னும் இயற்பெயரும் இப்பொருளை உணர்த்துகின்றன. ஒன்றன் எல்லை மற்றொன்றினுள் கலப்பதே மயக்கம். அதிலிருந்து அறிவு தெளிவின்றிக் கலங்குதல், மதுவால் நிலைதடுமாறுதல், காதலால் தன்னிலை மறத்தல், நினைவு தப்பி விழுதல் எனப் பொருள் விரிந்தது.

ஆங்கிலத்தில் வழங்கும் அனஸ்தீசியா என்னும் சொல்லை 1846இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் முன்மொழிந்தார். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொண்டு வலியற்ற அறுவைக்கு வழிகாட்டியதை அடுத்து அப்பெயர் தோன்றியது. கிரேக்க வேரின்படி அதன் பொருள் 'உணர்வின்மை' என்பதே. அச்சொல்லில் நினைவிழப்பு என்னும் பொருள் இல்லை. தமிழில் உணர்வகற்றல், உணர்விழப்பு, மயக்க மருந்தியல், மயக்கவியல் எனப் பல ஆக்கங்கள் வழங்கினும் மக்கள் வழக்கில் 'மயக்க ஊசி', 'மயக்க டாக்டர்' என்பனவே நிலைத்தன. துறையின் பெயராக 'மயக்கவியல்' என்பதை ஏற்பதில் இடரில்லை. நோயாளியின் நிலையைக் குறிக்கவும் அதே சொல்லை ஆளும்போதுதான் சிக்கல் எழுகிறது.

2. ஒன்றல்ல, மூன்று

மயக்கவியலின் முதற் கோட்பாடு, பொது உணர்விழப்பு என்பது ஒற்றை நிலையன்று என்பதாகும். நினைவிழத்தல், வலியறியாமை, தசைத்தளர்வு என்னும் மூன்று கூறுகள் அதனுள் உள்ளன. ஈதர், குளோரோபாம் காலத்தில் ஒரே மருந்தைக் கொண்டு இம்மூன்றையும் பெறவேண்டியிருந்தது. தசை தளரும் அளவுக்கு மருந்தை ஆழப்படுத்தினால் மூச்சும் குருதியோட்டமும் ஒடுங்கின. 1926இல் ஜான் லண்டி, பல மருந்துகளைச் சிறு அளவுகளில் இணைத்துப் பயன்படுத்தும் 'சமநிலை' முறையை முன்வைத்தார். 1942இல் மான்ட்ரியல் நகரில் கிரிபித், ஜான்சன் ஆகிய இருவரும் குராரே என்னும் தசைத்தளர்வு மருந்தை அறுவையில் பயன்படுத்திய பின் மூன்று கூறுகளையும் தனித்தனி மருந்துகளால் ஆளுதல் இயன்றது.

இப்பிரிப்பு பெரும் நன்மை தந்ததோடு ஒரு புதிய இடரையும் கொணர்ந்தது. தசைத்தளர்வு மருந்து நினைவை அகற்றாது; வலியையும் போக்காது. நினைவிழப்பு மருந்து குறைந்து தசைத்தளர்வு மட்டும் நீடித்தால் நோயாளி விழித்திருந்தும் விரலைக்கூட அசைக்க இயலாதவராகக் கிடப்பார். வெளியிலிருந்து நோக்குவோருக்கு அவர் 'மயக்கத்தில்' இருப்பவராகவே தோன்றுவார். அசைவின்மை நினைவின்மைக்குச் சான்றாகாது என்பது பயிற்சி மருத்துவர் முதலில் உள்வாங்கவேண்டிய பாடம். மூன்று கூறுகளையும் ஒரே சொல்லால் எண்ணிப் பழகியவருக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது.

3. மரப்பும் மயக்கமும்

1898இல் ஆகஸ்ட் பியர் தொடங்கிவைத்த முதுகுத்தண்டு வழி உணர்வகற்றல், இன்று மகப்பேற்று அறுவையில் பெரிதும் கையாளப்படுகிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, தண்டுவட நீருள் மெல்லிய ஊசியால் மருந்து செலுத்தப்படுகிறது. இடுப்பின் கீழ்ப்பகுதி மரத்துப்போகும். நினைவு முழுமையாக இருக்கும்.

இதனையும் 'முதுகில் மயக்க ஊசி' என்றே சொல்வது பெருவழக்கு. அச்சொல்லைக் கேட்ட கருவுற்ற பெண், தாம் உறங்கிவிடப்போவதாகவே எதிர்பார்ப்பார். அறுவை தொடங்கியும் நினைவு தப்பாதபோது ஊசி பலிக்கவில்லை என்று அஞ்சுவார். இழுத்தலும் அழுத்தலும் உணரப்படுதல் இயல்பு, கூரிய வலி மட்டுமே இராது என்பது முன்னரே சொல்லப்படாவிடில் அவ்வச்சம் பெருகும். இதற்குரிய சொல் பேச்சுத் தமிழிலேயே உள்ளது. பல் பிடுங்கும்போது 'மரத்துப்போக ஊசி' என்பதை யாவரும் அறிவர். 'இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்; நீங்கள் விழித்திருப்பீர்கள்; தொடுவது தெரியும், வலி தெரியாது' என்னும் மூன்று சிறு தொடர்கள் போதும்.

மரப்புடன் வரும் உடலியல் மாற்றமும் குறிப்பிடத்தக்கது. வலி நரம்புகளோடு குருதிக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் நரம்புகளும் செயலிழப்பதால் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் தாழும். கருவுற்றவர் மல்லாந்து படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்துவதால் தாழ்வு மிகும். இடப்புறமாகச் சற்றுச் சாய்த்துப் படுக்கவைத்தலும், சிரைவழி நீர்மமும், குழாய்களைச் சுருக்கும் மருந்தும் இதற்குரிய பரிகாரங்கள். அழுத்தம் தாழும்போது நோயாளி குமட்டலோடு 'மயக்கமாக வருகிறது' என்பார். ஊசி வேலை செய்வதாக அதனைக் கொள்ளாமல், மூளைக்குக் குருதி குறைவதன் முதல் அறிகுறியாகக் கொள்ளவேண்டும்.

4. வினாவின் மொழி

அறுவைக்கு முந்தைய ஆய்வில் இரண்டு வினாக்கள் தமிழில் எளிதில் பொருள் மாறுவன.

முதலாவது, 'இதற்கு முன் மயக்கம் வந்ததுண்டா' என்பது. பசியால் வரும் கிறுகிறுப்பையும், படுக்கையிலிருந்து எழும்போது வரும் தலைசுற்றலையும், நினைவு தப்பி விழுந்ததையும் நோயாளி இச்சொல்லாலேயே குறிப்பார். மருத்துவருக்கு இவை ஒன்றல்ல. இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கியவர் நடக்கும்போதோ படியேறும்போதோ நினைவு தப்பி விழலாம். அத்தகையவருக்கு இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்வது உயிருக்கே ஊறாகும்; மேலே கூறிய முதுகுத்தண்டு ஊசி அவருக்குப் பேரிடராக முடியலாம். ஆகவே 'நினைவு தப்பியதா, கீழே விழுந்தீர்களா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்' எனப் பிரித்துக் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, வெறும் வயிறு பற்றியது. மருந்தால் நினைவிழந்தவருக்கு இருமல் முதலிய காப்பு அனிச்சைகள் ஒடுங்கிவிடுவதால், இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுள் புகக்கூடும். அதனால் தெளிந்த நீர்மங்களுக்கு 2 மணி நேரமும், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரமும், பிற பாலுக்கும் எளிய உணவுக்கும் 6 மணி நேரமும், எண்ணெயில் பொரித்தவை, கொழுப்பு மிக்கவை ஆகியவற்றுக்கு 8 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி.

இவ்விதி மயிலாப்பூரின் காலைப் பொழுதோடு மோதுகிறது. 'காப்பி சாப்பிட்டாயிற்றா' என்பது அங்கு இயல்பான வழக்கு. ஆனால் 'காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா' என்று கேட்டால், டிகாக்‌ஷனும் பாலும் கலந்த காப்பியைக் குடித்தவர்கூட 'ஒன்றுமில்லை, வெறும் காப்பிதான்' என்பார். சிலர் அதையும் சொல்லாது விடுவர். மயக்கவியலார்க்குப் பால் கலந்த காப்பி என்பது 6 மணி நேர உணவு. மோரும் கஞ்சியும் அவ்வாறே. மறுபுறம், 'பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல்' முந்தைய இரவிலிருந்தே விரதம் போல இருந்து வருவோரும் உளர். நெடிய நீரின்மை குழந்தைகளையும் முதியோரையும் தளர்த்தும். குருதிக்குழாய்களில் நீர் குறைந்தவருக்கு அழுத்தத் தாழ்வு கடுமையாகும். 'சாப்பிடக்கூடாது' என்னும் ஒற்றைக் கட்டளைக்கு மாறாக, 'பால் கலந்த எதுவும் எத்தனை மணிக்குப் பின் கூடாது, வெறும் தண்ணீர் எத்தனை மணிவரை குடிக்கலாம்' என மணிக்கணக்கோடு சொல்வதே பொருத்தம்.

5. மூச்சின் கணக்கு

மயக்கவியலில் பேரிடர் விரைவது மூச்சுவழியில். அதன் காரணம் ஓர் எளிய கணக்கு. இயல்பாக மூச்சை வெளிவிட்டு முடித்த நிலையில் பெரியவர் ஒருவரின் நுரையீரலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காற்று எஞ்சியிருக்கும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தவரிடம் அதில் உள்ள ஆக்சிஜன் அரை லிட்டருக்கும் குறைவு. உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் செலவிடுவதால், மூச்சு நின்றபின் அவ்விருப்பு இரண்டு நிமிடத்துக்குள் தீரும். மயக்கமருந்துக்கு முன் சில நிமிடம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்தால் இருப்பு 2 லிட்டருக்கு மேல் உயரும். கால அவகாசமும் பன்மடங்காகும். கருவுற்றோருக்கும் உடல்பருமன் உடையோருக்கும் இருப்பு சிறிது, செலவு பெரிது; அவர்களுக்கு அவகாசம் குறுகும். முகமூடியை வைக்கும்போது 'இது மயக்கம் இல்லை, காற்றுதான், ஆழமாக மூச்சு இழுங்கள்' என்று சொல்லப்படாவிடில் அஞ்சிய நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார், சேமிப்பும் கைகூடாது.

மூச்சா, இதயமா, எதனைக் கூர்ந்து நோக்குவது என்னும் வினாவைத் தென்னிந்தியா உலக மேடைக்குக் கொணர்ந்தது. ஐதராபாத்தில் எட்வர்ட் லாரி தலைமையில், நிஜாமின் பொருளுதவியோடு 1888, 1889ஆம் ஆண்டுகளில் இரு குளோரோபாம் ஆணையங்கள் விலங்குகளிடம் சோதனை நடத்தின. குளோரோபாமில் முதலில் நிற்பது மூச்சே, இதயம் நேரடியாகத் தாக்குறுவதில்லை என்பது அவற்றின் முடிவு. மெல்லிய குளோரோபாம் நிலையிலும் இதயக் கீழறைகள் நடுக்குற்றுத் திடீரென நின்றுவிடக்கூடும் என்பதை 1911இல் லெவி காட்டியபோது அம்முடிவு தளர்ந்தது. மூச்சை நோக்குக என்ற அறிவுரை இன்றும் பொருந்துகிறது. இதயத்தை நோக்கவேண்டா என்ற துணிபே பிழையாயிற்று. நாடி ஆக்சிஜன் அளவி, இதய மின்வரைவு, இரத்த அழுத்தம், வெளிமூச்சின் கரியமில வாயு ஆகிய நான்கையும் ஒருங்கே கண்காணிப்பதே இன்றைய நடைமுறை. மூச்சுக்குழாயில் செருகிய குழல் சரியான இடத்தில் உள்ளதா என்பதை அறிய நான்காவதே நம்பத்தக்க சான்று.

6. தீவிர சிகிச்சை: காலத்தை ஈட்டுதல்

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி, பலருக்கு மூச்சுத்தசைகள் செயலிழந்தன. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழல் செருகி, காற்றுப்பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டும் முறையைக் கையாண்டார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். இறப்பு பெரிதும் குறைந்தது. அறுவை அரங்கின் கலை படுக்கைப் பிரிவுக்கு வந்ததன் விளைவே தீவிர சிகிச்சைப் பிரிவு.

இந்நிகழ்வு உணர்த்தும் கோட்பாடு, மூச்சூட்டும் கருவி நோயைத் தீர்ப்பதில்லை, உடல் தேறுவதற்குக் காலத்தை ஈட்டித் தருகிறது என்பதாகும். கருவி தீங்கும் செய்யலாம். 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கடும் நுரையீரல் பாதிப்புற்றோருக்கு உயரத்தைக் கொண்டு கணித்த எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்றூட்டியபோது இறப்பு 39.8 விழுக்காடாகவும், 6 மில்லிலிட்டர் ஊட்டியபோது 31 விழுக்காடாகவும் இருந்தது. 'நிறையக் காற்று' நன்மை என்னும் இயல்பான எண்ணம் பொருந்தவில்லை.

ஆக்சிஜன் வழங்கலின் கணக்கும் அத்தகையதே. 100 மில்லிலிட்டர் குருதியில் 15 கிராம் ஈமோகுளோபின் இருந்து, ஒவ்வொரு கிராமும் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமந்து, இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் குருதியை அனுப்பினால், உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 மில்லிலிட்டர் ஆக்சிஜன் சேரும். ஈமோகுளோபின் பாதியானால், ஈடுசெய்ய இதயம் விரைந்தாலன்றி, வழங்கலும் பாதியாகும். விரலில் மாட்டிய கருவியோ அப்போதும் 98 என்றே காட்டும். குடும்பத்தார் 'ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது' என வினவும்போது, இரத்தத்தில் ஏறியது வேறு, உடலுக்குச் சேர்வது வேறு என விளக்குதல் மருத்துவரின் கடமை.

7. நினைவின்மையும் மூளைச்சாவும்

சென்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வாயிலில் 'கோமா' என்னும் சொல் மூன்று நிலைகளுக்கு வழங்குகிறது: மருந்தால் உறக்கநிலையில் வைத்தல், நோயால் வந்த ஆழ்ந்த நினைவின்மை, மூளைச்சாவு. முதலாவது, மருந்தை நிறுத்தினால் மீளக்கூடியது. இரண்டாவதில் மீளும் வாய்ப்பு நோயைப் பொறுத்தது. மூன்றாவது மீளாதது, அது இறப்பு.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் மூளைத்தண்டு இறப்பை மருத்துவ வல்லுநர் நால்வர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்கவேண்டும். மூளைத்தண்டின் அனிச்சைகள் அனைத்தும் இல்லாமை, கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தொட்டும் தானாக மூச்சு எழாமை ஆகியவை அச்சோதனையின் மையம். அதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு. உறக்கமருந்து, தசைத்தளர்வு மருந்து, உடற்குளிர்ச்சி, வளர்சிதைமாற்றக் கோளாறு ஆகியவற்றின் விளைவு அறவே இல்லை என உறுதிசெய்தல் வேண்டும். மயக்கவியலார் நாள்தோறும் கையாளும் மருந்துகளே மூளைச்சாவு போன்ற தோற்றத்தைத் தரவல்லவை. இரண்டாம் பகுதியில் கண்ட, அசைவின்மை நினைவின்மைக்குச் சான்றாகாது என்னும் பாடம் இங்கு வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நிற்கிறது.

2008 செப்டம்பரில் விபத்துக்குள்ளாகி மூளைச்சாவுற்ற ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவரான அவர்தம் பெற்றோர் கொடையளித்ததும், போக்குவரத்தை ஒழுங்குசெய்து அவ்விதயம் முகப்பேருக்கு விரைந்து கொண்டுசெல்லப்பட்டதும் 'மூளைச்சாவு' என்னும் சொல்லைத் தமிழ்நாட்டின் இல்லங்கள்தோறும் சேர்த்தன. 2023இல் உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சொல் பரவியும் பொருள் முழுமையாகப் பதிந்தது எனல் இயலாது. தமிழில் 'உயிர்த்தல்' என்பதற்கு மூச்சுவிடுதல் என்னும் பொருளும் உண்டு. 'உயிர்ப்பு' மூச்சையும் குறிக்கும். மார்பு ஏறியிறங்கும் உடலைக் கண்ட தாய் 'இன்னும் மூச்சு இருக்கிறதே' என்பது அறியாமையன்று. மொழியே அவருக்கு அவ்வாறு கற்பித்திருக்கிறது. 'மூச்சு கருவியினுடையது, கருவியை நீக்கிச் சோதித்தோம், தானாக மூச்சு எழவில்லை, இருமுறை பார்த்தோம், அவர் இறந்துவிட்டார்' எனத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். 'கோமாவில் இருக்கிறார்' என்று சொல்லிவிட்டு உறுப்புக்கொடை பற்றிப் பேசினால் ஐயமும் சினமுமே எழும்.

8. பயிற்சிக்குரிய சொல்லாட்சி

மேற்கண்டவற்றிலிருந்து சில வரையறைகளை முன்மொழியலாம். துறைப்பெயர் 'மயக்கவியல்' என்றே நிற்கட்டும். பொது உணர்விழப்புக்கு 'முழு மயக்கம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், 'மருந்தால் உறங்கவைத்தல். மருந்தை நிறுத்தியதும் எழுப்புவோம்' என விளக்குதல் நன்று. பகுதி உணர்வகற்றலுக்கு 'மரத்துப்போதல்' என்பதே பொருந்தும். நோயாளி சொல்லும் மயக்கத்தைத் 'தலைசுற்றல்', 'நினைவு தப்புதல்' எனப் பிரித்துப் பதியவேண்டும். நோயால் வந்ததை 'ஆழ்ந்த நினைவின்மை' என்றும், மூளைச்சாவை 'இறப்பு' என்றும் தயங்காது குறித்தல் வேண்டும். ஒப்புதல் படிவங்களின் தமிழ் வடிவத்திலும் இவ்வேறுபாடு இடம்பெறல் தகும்.

முடிவுரை

மயக்கவியலின் வரலாறு, ஒன்றாகத் தோன்றியதைப் பலவாகப் பிரித்தறிந்த வரலாறு. வலியின்மை வேறு, நினைவின்மை வேறு, அசைவின்மை வேறு எனவும், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் வேறு, திசுவைச் சென்றடைவது வேறு எனவும், கருவியின் மூச்சு வேறு, உயிரின் மூச்சு வேறு எனவும் அறிந்ததே அத்துறையின் வளர்ச்சி. சென்னை வழக்குத் தமிழில் இவ்வேறுபாடுகளைச் சுட்டுதற்கு வேண்டிய சொற்கள் உள்ளன; அவை மருத்துவப் பயிற்சிக்குள் முறையாக வரவில்லை என்பதே குறை. மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் முயற்சிகள் நடைபெறும் இந்நாளில், கலைச்சொல் ஆக்கத்தோடு நோயாளியிடம் வழங்கும் வினாக்களையும் விடைகளையும் தொகுத்தாய்தல் தமிழ் ஆய்வாளரும் மருத்துவரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். நோயாளி நினைவோடு பேசக்கூடிய அச்சில நிமிடங்களின் பயன் அதனைப் பொறுத்தே அமையும்.